ஸ்டீயரிங் உங்கள் பிள்ளை கையில் எத்தனை மணி நேரம்?

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் அந்தக் காலத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள யாரும் பள்ளிக்கூடம் தேடிப் போனதில்லை. மீசை முளைக்கும் வயதில் கிளீனராக வண்டி ஏறுவார்கள். கண்ணாடி துடைப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்பாயை இழுத்துக் கயிறு கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இறங்கி நின்று "வரலாம்... வரலாம்... போதும்!" என்று குரல் கொடுப்பது என்று நாலைந்து வருஷம் ஓடும். டிரைவர் அண்ணனுக்கு என்றைக்காவது மனசு வந்தால், காலியாகக் கிடக்கும் ரோட்டில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். தப்பு செய்தால் திட்டு விழும். ஆனால், அந்தப் பையன் டிரைவர் சீட்டில் உட்காரும் நாளில், ஒரு கணவாயை எந்த கியரில் இறங்க வேண்டும் என்பதை இடது பக்க சீட்டில் இருந்து நூறு முறை பார்த்து முடித்திருப்பான்.

இன்றைக்கு அந்த இடது பக்க சீட் பல வண்டிகளில் காலி. கிளீனருக்குச் சம்பளமும் படியும் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள் உரிமையாளர்கள். கிளீனர் வேலைக்குப் பையன்களும் வருவதில்லை. டிரைவர் தன்னந்தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். அப்படியானால், கிளீனர் நாலைந்து வருஷத்தில் கற்றதையெல்லாம் இன்றைய பிள்ளை எங்கே கற்றுக்கொள்வான்? டிரைவிங் ஸ்கூலில், சில வாரங்களில்! அதனால்தான் எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்பது இன்று சின்ன விஷயம் இல்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் வீடுகள், கடையின் போர்டைப் பார்த்து முடிவெடுத்துவிடக் கூடாது.

முதலில், படிக்கட்டு

ஸ்கூல் வாசலை மிதிப்பதற்கு முன்பு சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, 20 வயது நிறையாதவர் சரக்கு வண்டி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்டக் கூடாது. அதோடு, கார் போன்ற இலகுரக வாகனத்துக்கான லைசென்ஸை வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் முடிந்த பிறகே டெஸ்ட்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். செல்லுபடியாகும் காலம் 6 மாதம்.

"எட்டாவது பாஸ் ஆகலையே" என்று தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், டாக்டர் சான்றிதழ் கட்டாயம். அதில் கண் பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் பார்க்கப்படும். பணம் கட்டிய பிறகு கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் வீண் மனக்கஷ்டம். ஸ்கூலில் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கார் லைசென்ஸுக்கும் ஹெவிக்கும் இடையிலான அந்த ஒரு வருஷத்தைக் கட்டாயக் காத்திருப்பாக நினைக்க வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. 20 வயது நிறைந்த பையன், நம் ஊரில் 'குட்டி யானை' என்று சொல்லும் சின்ன சரக்கு வண்டியை ஓட்டி, லோடு என்றால் என்ன, பார்ட்டியிடம் எப்படிப் பேசுவது, பில்லில் எங்கே கையெழுத்து வாங்குவது என்பதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். லாரி டிரைவராக இந்தப் பையன் ஆசைப்படுகிறானா, இல்லை யாரோ சொல்லி வந்திருக்கிறானா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி

"ஏனுங்க, எம்பையனுக்கு ஹெவி லைசென்ஸ் எடுக்கணும். எவ்வளவு ஆகும்?"

பெரும்பாலான வீடுகளில் இருந்து வருபவர்கள் ஸ்கூலில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதிலும் தயாராக இருக்கும்.

"எல்லாம் சேர்த்து ஒரே தொகைங்கம்மா. எல்.எல்.ஆர்., டெஸ்ட், லைசென்ஸ் எல்லாமே நாங்க பாத்துக்கறோம். தம்பி வந்து நின்னாப் போதும்."

'வந்து நின்றால் போதும்' என்ற இடத்தில்தான் உஷாராக வேண்டும். பையன் வந்து நிற்பதற்காகவா பணம் கட்டுகிறோம்? கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எம்பையன் எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங் புடிப்பானுங்க?"

இதற்கு விதியே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 31-வது விதிப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்டப் பழகுபவருக்குப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக் கூடாது. அதாவது, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பையனின் கையில் ஸ்டீயரிங் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரே வண்டியில் 5 பேர் ஏறுகிறார்கள் என்றால், தலைக்கு 12 நிமிடம். அப்படி 30 நாளும் தவறாமல் போனாலும் மொத்தம் 6 மணி நேரம்தான். மிச்சம் 9 மணி நேரம் எங்கே போனது? பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிடும் ஸ்கூல்கள் உண்டு. பார்ப்பதிலும் பாடம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், அது ஓட்டிய நேரம் ஆகாது. "ஒரு பேட்சில் எத்தனை பேர்? ஒரு வண்டிக்கு எத்தனை பேர்?" என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் ஒரு நோட்டு போட்டு, பையன் தினமும் எத்தனை நிமிடம் ஓட்டினான் என்று எழுதச் சொல்லுங்கள். பத்து நாளில் நிலவரம் தெரிந்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

டிரைவிங் ஸ்கூல் நடத்தவே லைசென்ஸ் வேண்டும். 5 ஆண்டுதான் அதற்கு ஆயுள். அதை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. போனதும் சுவரைப் பாருங்கள். லைசென்ஸ் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்து வண்டி. எந்த வகை வாகனம் சொல்லித் தருகிறார்களோ, அந்த வகை வாகனம் ஒன்றாவது ஸ்கூலில் இருக்க வேண்டும். அது பயிற்சிக்கு மட்டுமே பயன்பட வேண்டும். பயிற்சியாளர் தன் பக்கத்தில் இருந்தே வண்டியை நிறுத்தும்படி இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தியிருக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கமும் பெடல் இருக்கிறதா என்று பாருங்கள். "இன்னைக்கு வண்டி லோடுக்குப் போயிருக்குதுங்க" என்று பதில் வந்தால், வேறு ஸ்கூல் பாருங்கள்.

வண்டி எவ்வளவு பழையது என்பதும் முக்கியம். பையன் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் இருப்பது பி.எஸ்.6 வண்டியாக இருக்கலாம். அதில் டீசலோடு சேர்த்து யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். டேஷ்போர்டில் விதவிதமான எச்சரிக்கை விளக்குகள் எரியும். அவற்றை வாழ்நாளில் பார்த்திராத பையன், நடு ரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்வான்? ஸ்கூல் வண்டி பழையதாக இருந்தால் அதுவே குற்றமில்லை. புது வண்டியைப் பற்றி அங்கே யாராவது சொல்லித் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சொல்லிக்கொடுப்பவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம், வண்டி மெக்கானிசம் படித்த சான்றிதழ் ஆகியவை பயிற்சியாளருக்கு வேண்டும் என்று விதி சொல்கிறது. இதற்கு மேல், அவர் லாரியில் நெடுந்தூரம் போய் வந்தவரா என்று விசாரியுங்கள். ராத்திரி மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது என்ன செய்வது என்பதை, அனுபவித்தவர் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

ஸ்டீயரிங் மட்டும் பாடமில்லை

தருமபுரிப் பக்கம் இருந்து சேலம் நோக்கி வரும் லாரிகள் தொப்பூர் கணவாயில் இறங்குகின்றன. அங்கே நடந்த விபத்துகளை நாம் அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். 'பிரேக் பிடிக்காததால்' என்று ஒரு வரி வரும். பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

சிலர் டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிடுகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். மறுபடி மறுபடி மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, பிடிமானம் குறையும். ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் சேர்ந்திருக்கும் காற்றும் ஒவ்வொரு மிதிக்கும் செலவாகும். கடைசியில் கால் பெடலில் இருக்கும், வண்டி நிற்காது. சின்ன கியரில் இன்ஜின் பிடியோடு மெதுவாக இறங்குவது என்ற ஒரே பழக்கம் உயிர் காக்கும். பழைய கிளீனருக்கு இதை டிரைவர் அண்ணன் சொன்னார். இன்றைய பிள்ளைக்கு ஸ்கூல்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இப்படியும் கேளுங்கள்: காற்று அழுத்த மீட்டரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தருவீர்களா? மேடு, இறக்கத்தில் ஓட்ட விடுவீர்களா? ராத்திரியில் ஒரு நாளாவது ஓட்ட விடுவீர்களா? கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தருவீர்களா? எடை ஏற்றிய வண்டி பிரேக் போட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்று காட்டுவீர்களா? நீள வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே ஒடுங்கி வரும். டூ வீலரில் வருபவர் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். அதைக் கீழே இறங்கி நின்று பார்க்க வைப்பீர்களா?

இவையெல்லாம் அதிகப்படியான எதிர்பார்ப்பு என்று நினைக்க வேண்டாம். வண்டிப் பராமரிப்பு, தீ விபத்துத் தடுப்பு, முதலுதவி, பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் முறை எல்லாமே விதிப்படியான பாடத்திட்டத்தில் இருக்கின்றன. "தியரி கிளாஸ் என்றைக்கு?" என்று கேட்டால் சிரிக்கும் ஸ்கூலும் உண்டு, கரும்பலகையைக் காட்டும் ஸ்கூலும் உண்டு. கரும்பலகையைக் காட்டும் ஸ்கூலில் சேருங்கள்.

பெரிய பயிற்சி மையங்கள்

2021 ஜூலை 1 முதல் 'அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம்' என்ற புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஹெவி வண்டிக்கான மையத்துக்குக் குறைந்தது 2 ஏக்கர் இடம், ஓட்டிப் பழகத் தனிப் பாதை, சிமுலேட்டர் எல்லாம் இருக்க வேண்டும். அங்கே ஹெவி பயிற்சி 6 வாரத்தில் 38 மணி நேரம். தியரி, பிராக்டிகல் இரண்டும் அதில் அடக்கம். அங்கே தேர்ச்சி பெற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. 'டெஸ்ட் இல்லை' என்பதால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாதையும் நேரமும் அதிகம் கிடைக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுங்கள். அங்கீகாரம் உண்மைதானா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பேர் எடுத்த இடங்களும் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி பல காலமாகக் கனரக வாகனப் பயிற்சி தருகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டும் என்றால் சாப்பாடு, தங்குமிடச் செலவையும் கூட்டிப் பாருங்கள். உள்ளூரில் குறைந்த பணத்துக்கு 6 மணி நேரம் ஓட்டுவது லாபமா, வெளியூரில் கூடுதல் பணத்துக்குச் சரியாகக் கற்பது லாபமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அரசு சார்பில் கட்டணமில்லாப் பயிற்சி ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணத்தை எடுங்கள்.

பணம் கட்டும்போது

மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ₹150, ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டுக்கு ₹300, இருக்கும் லைசென்ஸில் புது வாகன வகையைச் சேர்க்க ₹500. இதோடு சில சேவைக் கட்டணங்கள் சேரும். ஸ்கூல் சொல்லும் 'மொத்தத் தொகை'யில் இதற்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ரசீது வேண்டும். டெஸ்ட்டில் ஒரு முறை தவறினால் மறுபடி எவ்வளவு கட்ட வேண்டும், கூடுதலாக ஓட்டிப் பழக மணிக்கு எவ்வளவு என்பதையும் முன்பே கேளுங்கள். பாதிப் பணம் சேரும்போது, மீதி பயிற்சி முடியும்போது என்று பேசிப் பார்க்கலாம். நல்ல ஸ்கூல் இதற்கு மறுப்புச் சொல்லாது.

பயிற்சியே இல்லாமல் சான்றிதழ் தருவதாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். லைசென்ஸ் உண்மையா என்று லாரி உரிமையாளர் இன்று போனிலேயே பார்த்துவிடலாம். முறையான லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் உரிமையாளருக்கே சிக்கல். அதனால் அவர் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டார்.

கேஸ் டேங்கர் ஓட்டும் ஆசை நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிறைய உண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. அதற்கென 3 நாள் தனிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். "லைசென்ஸ் வந்ததும் நேரா டேங்கர்தான்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

பெண் பிள்ளை கேட்டால்

"நானும் ஹெவி எடுக்கட்டுமா?" என்று கேட்கும் பெண் பிள்ளைகள் இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்தின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்விகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கூடவே இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்: பயிற்சி நேரம் என்ன? அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? பெண்கள் ஏற்கெனவே அங்கே பயின்றிருந்தால், அவர்களில் ஒருவரோடு பேசிவிட்டுச் சேர்ப்பது நல்லது.

ஒரு காலை நேரம்

இத்தனையும் கேட்ட பிறகும் சந்தேகம் தீரவில்லையா? சேர்ப்பதற்கு முன்பு ஒரு நாள் காலையில், பயிற்சி நடக்கும் இடத்துக்குச் சொல்லாமல் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறதா, ஏறுவதற்கு முன்பு டயரையும் ஆயிலையும் பார்க்க வைக்கிறார்களா, ஓட்டுபவர் தப்பு செய்யும்போது பயிற்சியாளர் கத்துகிறாரா, காரணம் சொல்கிறாரா, அவருடைய கண் ரோட்டில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கி வரும் பையன்களிடம், "தம்பி, இன்னைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினே?" என்று கேளுங்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் முதல் ஆறு மாதம் அனுபவசாலி ஒருவரோடு இரண்டாவது டிரைவராகப் போகும் இடத்தில் வேலை தேடுவது நல்லது. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பழைய கிளீனர் சீட்டின் பாடம் அங்கே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது "சாப்டியா கண்ணு?" என்று போன் போடுவதும் ஆபத்துதான். 'டீக்கு நிறுத்தும்போது நீயே கூப்பிடு' என்று முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுங்கள்.